பரலும் படிகமும்

நம் கல்லூரிகளில் படிகங்களைப் பற்றிப் பாடம் சொல்லும் முறை தலைகீழாக இருக்கிறது என்பது என் துணிபு. மேசைமீது மரத்தால் செய்த மாதிரிகளை வரிசையாக வைக்கிறோம். கனசதுரம், எண்முகி, அறுகோணப் பட்டகம் என்று பெயர் சொல்லுகிறோம். இன்ன பொருளுக்கு இன்ன வடிவம் என்று ஓர் அட்டவணையும் கொடுத்துவிடுகிறோம். மாணவன் உருப்போடுகிறான், எழுதுகிறான், தேறுகிறான். அவனே வீட்டுக்குப் போய் உப்புச் சாடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, "இது கனசதுரமாக இல்லையே, எப்படிப் படிகமாகும்?" என்று கேட்கிறான். கடைத்தெருவில் ஆறு பட்டை தீட்டிய கண்ணாடி மணியைக் கண்டால், "படிகம் என்றால் இதுவன்றோ!" என்று வியக்கிறான். இரண்டு தீர்ப்பும் பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு அவன் பொறுப்பாளி அல்லன். வடிவத்தைப் பொருளின் பிறவிக் குணமாக அவனுக்குக் கற்பித்த நம் பாடமே பொறுப்பு.

படிகத்தைப் படிகமாக்குவது உள்ளே இருக்கும் ஒழுங்கு. பாய் நெசவில் ஒரே பின்னல் மீண்டும் மீண்டும் வருவதுபோல, அணுக்கள் மூன்று திசையிலும் ஒரே கோலத்தில் அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லை. எத்தனை பட்டை தீட்டினாலும் அது படிகம் ஆகாது. ஆற்றில் உருண்டு உருண்டு மூலைகளெல்லாம் தேய்ந்துபோன வெள்ளைக் கூழாங்கல்லிலோ அந்த ஒழுங்கு சிதையாமல் இருக்கிறது. முகம் என்று சொல்ல ஒன்றுகூட அதில் இல்லாவிட்டாலும் உள்ளே படிகமே. வெளியே தெரியும் முகங்களும் முனைகளும் நீளமும் தடிப்பும் வேறு கதை. அதனைப் 'புறவுரு' என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். உள்ளமைப்பு பொருளைப் பொறுத்தது. புறவுருவோ, பொருளோடு அது வளர்ந்த இடம், வெப்பம், வேகம், உடனிருந்த அழுக்கு ஆகிய அனைத்தையும் பொறுத்தது.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதென்று எண்ண வேண்டா. நம் வாசல் வழியே போன கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உரோமாபுரியில் இதைக் கேட்டிருக்கிறார்கள். காங்கேயத்துக்கு அருகே படியூர் என்றோர் ஊர். அங்கே பாறை வெடிப்புகளில் கடல்நீர் நிறத்தில் ஒரு மணி கிடைத்தது. பெரில் என்பது அதன் இனப்பெயர். அச்சொல்லே வைடூரியத்தின் பிராகிருத வடிவத்திலிருந்து கிரேக்கம் போய்ச் சேர்ந்தது என்பர் அறிஞர். 1819, 1820 ஆண்டுகளில்கூட அங்கே ஆங்கிலேயர் ஒருவர் சுரங்கம் தோண்டி மணி எடுத்தார். பழங்காலத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் இத்தகைய மணிகளைத் தீட்டும் தொழிலூர். பதிற்றுப்பத்து அதனைக் கொடுமணம் என்று குறிக்கிறது; தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாயே முசிறித் துறைக்குப் போகும் இயல்பான வழி.

கி.பி. 79-இல் மாண்ட பிளினி என்னும் உரோம அறிஞர் இம்மணியைப் பற்றித் தம் இயற்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். தொழிலாளர் இதனை ஆறு முகம் வரத் தீட்டுகிறார்கள் என்கிறார். இந்தியர் இதன் நீளத்தை மிகவும் விரும்புகிறார்கள் என்கிறார். பிறகு, இது பிறக்கும்போதே முகங்களோடு பிறக்கிறது என்று கருதுவோரும் உண்டு என்று ஒரு சொல் சேர்க்கிறார். அந்தச் சிலர் சொன்னதே உண்மை. படியூர் மணி ஆறு பக்கப் பட்டகமாகவே பாறையில் வளர்கிறது. எந்தக் கொல்லனும் அதற்கு ஆறு பக்கம் கொடுக்கவில்லை. வெள்ளைப் பளிங்கைப் பற்றிப் பேசும் இடத்திலும் அது ஏன் ஆறு பக்கத்தோடு தோன்றுகிறது என்று காரணம் கூறுவது எளிதன்று என்று அவர் திகைக்கிறார். அந்தத் திகைப்பு நம் மாணவரிடம் இல்லை. மரக்கட்டை மாதிரியைக் கண்டு திகைப்பவர் யார்?

பிளினிக்கு விடை சொல்ல 16 நூற்றாண்டு ஆயிற்று. 1669-இல் டென்மார்க்கு நாட்டவரான ஸ்டெனோ, பளிங்குகள் எவ்வளவு கோணல்மாணலாக வளர்ந்திருந்தாலும் ஒத்த இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை என்று கண்டார். ஒன்று குச்சிபோல் இருக்கும். ஒன்று குண்டாக இருக்கும். ஒன்றின் ஒரு பக்கம் மட்டும் பருத்திருக்கும். கோணம் ஒன்றே. முகங்களின் பருமன் வளர்ப்பைப் பொறுத்தது. கோணம் குலத்தைப் பொறுத்தது. 1912-இல் லாவே என்பவரின் யோசனைப்படி எக்ஸ் கதிரைப் படிகத்தின் ஊடே செலுத்தி உள்ளொழுங்கை நேராகவே கண்டார்கள். அன்றோடு புறவுருவுக்கு வேலை இல்லை என்று பலர் நினைத்தனர். நம் பாடத்திட்டம் அந்த நினைப்பில்தான் இன்னும் உறங்குகிறது. புறவுரு பெயர் வைப்பதற்குப் பயன்பட்ட பழைய அடையாளம், அவ்வளவே என்பது அதன் எண்ணம். நான் மறுக்கிறேன். புறவுரு ஒரு வாக்குமூலம். எந்தச் சூழ்நிலையில் வளர்ந்தேன் என்று படிகம் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

அதைப் படிக்க ஒரு விதி தெரிந்தால் போதும். அந்த ஒரு விதியைத்தான் வகுப்பில் விட்டுவிடுகிறார்கள். படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே வேகத்தில் வெளிநோக்கி வளர்வதில்லை. விரைந்து வளரும் முகம் மறைந்துபோகும். மெல்ல வளரும் முகமே நிலைத்து நிற்கும். கேட்பதற்கு முரணாக இருக்கிறதா? ஒரு கனசதுரத்தின் மூலையைச் சிறிது செதுக்கி எறிந்ததாக எண்ணுங்கள். செதுக்கிய இடத்தில் ஒரு சிறு முக்கோண முகம் தோன்றும். அந்த முகத்தின்மேல் அணுக்கள் வேகமாக வந்து அடுக்கினால் என்ன ஆகும்? அடுக்கு ஏற ஏற முக்கோணம் சிறுத்து, கடைசியில் கூரிய மூலையாகி ஒழியும். மெதுவாக அடுக்கினால், மற்ற முகங்கள் முன்னேற முன்னேற முக்கோணம் அகன்று அவற்றை விழுங்கிவிடும். ஆகவே ஏதேனும் ஓர் அழுக்கு ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுத்தால், அந்த முகம் பெரிதாகிப் புறவுருவே மாறும். ஒரு முகம் எவ்வாறு அடுக்கடுக்காக வளர்கிறது என்பதும் இப்போது தெரியும். அடுக்கில் உள்ள ஒரு முறுக்குப் பிசகைச் சுற்றி மாடிப்படிபோல் அணுக்கள் ஏறுகின்றன என்று 1949-இல் ஃபிராங்க் சொன்னார். சிலிக்கன் கார்பைடு படிகத்தின் முகத்தில் அந்தச் சுருளை நுண்காட்டியில் கண்டு 1951-இல் வெளியிட்டவர் நம் நாட்டு ஏ. ஆர். வர்மா. இவர் பெயரும் நம் பாடநூலில் இல்லை.

படிகாரத்தை எடுத்துக்கொள்வோம். சவரக் கடையில் கிடக்கும் அதே படிகாரம். கரைசலில் நூலில் கட்டித் தொங்கவிட்டால் நான்கு புறமும் கரைசல் படும். அழகான எண்முகி கிடைக்கும். கிண்ணத்தின் அடியில் கிடந்து வளர்ந்தால் அடிப்பக்கத்துக்கு உணவில்லை, தட்டையாகும். கரைசலில் சிறிது காரம் சேர்த்தால் கனசதுர முகங்கள் தலைகாட்டும். நான் பள்ளியில் படித்தபோது என் படிகாரம் கிண்ணத்தின் அடியில் தட்டையாக விளைந்தது, விளைந்தபடியே வரைந்தேன். புத்தகத்தைப் பார்த்து எண்முகி வரைந்த நண்பனுக்கு முழு மதிப்பெண். எனக்குச் சிவப்பு மைக்கோடு. அவன் கிண்ணத்தில் படிகமே விளையவில்லை என்பது வகுப்புக்கே தெரியும்! கண்ணால் கண்டதை எழுதினால் குறைவு, காணாததை எழுதினால் நிறைவு என்ற பாடத்தை அறிவியல் வகுப்பே கற்பித்தால் பிறகு யாரை நோவது?

எல்லைப்புறத்து மாணவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பனங்காட்டைப் பாருங்கள். பனங்கற்கண்டு செய்கிறவர் வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் பதநீர் இறக்கமாட்டார். புளித்தால் சர்க்கரை சிதைந்து வேறு சர்க்கரைகளாக மாறும். அவை கலந்த பாகு எளிதில் கற்கண்டாகாது. காய்ச்சிய பாகை ஊற்றி, உள்ளே நூல் கட்டி, வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைப்பார். படிகம் தொடங்குவதற்கு ஓர் இடம் நூல் கொடுக்கிறது. அமைதி, பெரிதாக வளர நேரம் கொடுக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்து மறையூரில், இதற்கு நேர்மாறான தொழில் நடக்கிறது. கரும்புப் பாகைக் கொதிக்கக் காய்ச்சி, ஆறும்போது விடாமல் கிண்டுகிறார்கள். கிண்டக் கிண்ட எண்ணற்ற இடங்களில் ஒரே சமயத்தில் படிகம் தொடங்கும். ஒன்றுக்கும் வளர இடம் இராது. விளைவது கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத துகள்களின் திரள். அதைக் கையால் உருட்டி வைப்பதால் அதன் உருண்டை வடிவம் கையின் வடிவமேயன்றிப் படிகத்தின் வடிவமன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும், பனங்கற்கண்டும் பெரும்பகுதி ஒரே சுக்ரோஸ்தான். கிண்டியதும் கிண்டாததுமே வேற்றுமைக்குப் பெருங்காரணம்.

சர்க்கரையின் புறவுரு ஆலைக்காரருக்குப் பணம். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் களத்தில் கிடக்கவிட்டால் ஒருவகை நுண்ணுயிர் புகுந்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும். அந்தப் பிசின் சர்க்கரைப் படிகத்தின் சில முகங்களை அடைத்துக்கொள்ள, மற்றத் திசையில் படிகம் ஊசிபோல் நீண்டுவிடும். நீண்ட படிகங்கள் சுழல் எந்திரத்தில் பின்னிக்கொண்டு கழிவுப்பாகை எளிதில் விடா. ஆலை ஆய்வாளர் படிகத்தின் நீளத்தைப் பார்த்தே கரும்பு எத்தனை நாள் வாடியது என்று ஐயுறுவார். சித்தூர் வட்டம் மேனோன்பாறையில் ஒரு காலத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடியது. அப்படிப்பட்ட ஓர் ஆலையின் வாயிற்புறத்தில் குடியிருந்த பிள்ளைகளுக்கும் மரக்கட்டைதான் காட்டினோம்.

உப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் நீர்மேல் மிதக்கும் சிறு கனசதுரம் வளர வளரச் சற்றே அமிழும். நீர்மட்டத்தில் உள்ள விளிம்பில் மட்டும் புதிய உப்பு சேரும். முடிவில் உள்ளீடற்ற தலைகீழ்க் கூம்பு ஒன்று தெப்பம்போல் மிதக்கும். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் காலை வெயில் ஏறும்போது பாத்தி ஓரம் குனிந்து பாருங்கள். உப்புக் கரைசலில் சிறுநீர் சேர்ந்தால் கனசதுரத்துக்குப் பதில் எண்முகி வருகிறது என்று 1783-இலேயே ரோமே டி லில் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். காரணம் அதிலுள்ள யூரியா. ஃபெரோசயனைடு என்ற பொருளை மிக மிகச் சிறிதளவு சேர்த்தாலோ, உப்பு கிளை கிளையாகப் பன்னத்தழைபோல் வளரும். கட்டிபடாமல் இருப்பதற்காகப் பொட்டலத் தூளுப்பில் இதனைத் துளியளவு சேர்ப்பதுண்டு. இத்தனையிலும் உள்ளமைப்பு மாறவே இல்லை. அட்டவணையோ 'உப்பு: கனசதுரம்' என்பதோடு நின்றுவிடுகிறது.

வடிவத்தால் வேறென்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் சேப்பங்கிழங்கை வேகாமல் கடித்துப் பார்க்கலாம். அதில் கால்சியம் ஆக்ஸலேட்டு ஊசி ஊசியாகக் கட்டுக் கட்டாக இருக்கிறது; நாக்கில் குத்துகிறது. இதே பொருள் வேறு பல செடிகளில் உருண்டைக் கொத்தாக இருக்கும். அங்கே இந்தக் குத்தல் இல்லை. செடியே தன் உயிரணுவுக்குள் புறவுருவை ஆளுகிறது. மருந்துத் தொழிற்சாலைகளிலும் ஊசிப் படிகம் வந்தால் வடிகட்டி அடைபடும். மாத்திரை சரியாக அழுந்தாது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர விரும்பும் மாணவனுக்கு முதல் பாடம் பனங்கற்கண்டில் தொடங்கியிருக்க வேண்டாவா?

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். இதில் சண்டைக்கு வருவோர் இருப்பர் என்று தெரிந்தே எழுதுகிறேன். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஒரே தெருவில் ஒரு பிள்ளை தமிழ்வழியிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை மலையாள வழியிலும் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை 'படிகம்' என்கிறது. மலையாளப் பிள்ளை 'பரல்' என்கிறது. நம் பிள்ளைக்கு அது அயற்சொல்லாகப் படுகிறது! பரல் யாருடைய சொல்? கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்துப் பரல். வெளிப்பார்வைக்குச் சிலம்பு இரண்டும் ஒன்றே. உள்ளே இருந்ததுதான் வழக்கைத் தீர்த்தது. அந்தக் கண்ணகிக்குக் குமுளி மலைமேல், இரு மாநில எல்லையில், மங்கலதேவிக் கோட்டத்தில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று விழா எடுக்கிறோம். அவள் சிலம்பில் இருந்த சொல்லை மட்டும் அடுத்த வீட்டாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

படிகம் என்ற சொல்லைத் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. படிகம் என்பது ஒழுங்கான உள்ளமைப்புடைய பொருளைக் குறிக்கட்டும். முகங்களோடு தனித்து வளர்ந்த ஒன்றைப் பரல் என்போம். அப்படிச் சொன்னால், ஆற்றுக் கூழாங்கல் படிகம், ஆனால் பரல் அன்று; நூலில் வளர்ந்த கற்கண்டு படிகமும் ஆகும், பரலும் ஆகும்; தீட்டிய கண்ணாடி இரண்டும் அன்று என்று ஒரு மூச்சில் விளக்கிவிடலாம். ஆங்கிலத்தில்கூட இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அடைமொழிகளால் சமாளிக்கிறார்கள். பழஞ்சொல்லைப் புதுப்பொருளில் வலிந்து புகுத்தலாமா என்று புலவர் பெருமக்கள் கேட்கலாம். அணு, அலை, மின் ஆகிய சொற்களை நாம் அப்படித்தான் பெற்றோம். மலையாளத்தில் பரல் என்பது ஒரு சிறு மீனுக்கும் பெயர் என்பதை நானும் அறிவேன். வேதியியல் வகுப்பில் மீன் பிடிக்க யாரும் வலை எடுத்து வரமாட்டார்கள்.

பாடநூலை மாற்ற நம்மால் இயலாது. மன்றத்தின் கண்காட்சி மேசையை மாற்ற இயலும். மரக்கட்டை மாதிரிகள் ஓரமாக இருக்கட்டும். அவற்றுக்குப் பதில் நூலோடு ஒரு பனங்கற்கண்டு, மறையூர் வெல்ல உருண்டை ஒன்று, தொங்கி வளர்ந்த படிகாரமும் கிடந்து வளர்ந்த படிகாரமும், யூரியா சேர்த்தும் சேர்க்காமலும் விளைவித்த உப்பு, கிடைத்தால் படியூர்ப் பக்கத்துப் பெரில் துண்டு ஒன்று, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. ஒவ்வொன்றின் முன்னும் பெயர் எழுதிய அட்டை வேண்டா. 'இது எப்படி வளர்ந்திருக்கும்?' என்ற கேள்வி எழுதிய அட்டை வைப்போம்.

மூணாறு நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. மார்கழி, தைத் திங்களில் வானம் துடைத்தாற்போல் இருக்கும் இரவுகளில் செண்டுவாரைப் பக்கத்துப் புல்வெளிகள் விடியும்போது வெளுத்துக் கிடக்கும். நீராவி நேரே பனிக்கட்டியாகப் புல்நுனியில் படிந்த உறைபனி அது. தேயிலைக் கொழுந்து கருகிப் போவதால் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் அந்த வெண்மைக்கு யாரும் மகிழ்வதில்லை. நாள்கூலி குறையுமே என்ற கவலைதான். ஜப்பானில் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா என்ற பேராசிரியர் 1936-இல் முதன்முதலாகப் பனிப் பரலைக் கூடத்திலேயே வளர்த்தார். வெப்பநிலை சுழிக்குக் கீழே 2 பாகையளவில் இருந்தால் மெல்லிய தட்டு, 5 பாகையளவில் ஊசியும் தூணும், 15 பாகையளவில் ஆறு கிளை விண்மீன் என்று வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார். காற்றில் ஈரம் மிகுந்தால் கிளையும் மிகும். மூணாற்றுப் புல்நுனியில் குளிர் பெரும்பாலும் சுழிக்குச் சற்றே கீழேதான் இறங்குகிறது. அவர் கணக்குப்படி அங்கே விண்மீன் வராது. தட்டோ ஊசியோ வரவேண்டும். வருகிறதா? வெயில் படுமுன் எழுந்து, கருப்புத் துணி ஒன்றை முதல்நாள் இரவே வெளியில் வைத்துக் குளிரவிட்டு, புல்லிலிருந்து அதில் தட்டி, கைப்பேசியின் முன் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துப் படம் எடுங்கள். மூச்சுக்காற்று படக்கூடாது. இடம், நேரம், புல்லின் உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டிய அளவு மூன்றையும் குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறேன்.